தேயிலைக்காகக் கிழித்த கோடு

1871 ஜனவரி கடைசியில், இன்றைய அசாமின் கச்சார் சமவெளியில் இருந்த தேயிலைத் தோட்டங்கள்மீது, இன்று மிசோரம் எனப்படும் மலையின் லுஷாய் வீரர்கள் பாய்ந்தார்கள். அலெக்ஸாண்ட்ராபூர் தோட்டத்தில் ஜேம்ஸ் வின்செஸ்டர் என்ற வெள்ளைக்காரர் கொல்லப்பட்டார். அவருடைய மகள் மேரிக்கு அப்போது வயது ஆறு. அவளை மலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஏறக்குறைய ஓர் ஆண்டு அந்தச் சிறுமி பெங்குவாயா என்ற குலத்தலைவரின் ஊரில், சோலுதி என்ற புதுப் பெயரோடு வளர்ந்தாள். கச்சாரிலிருந்து ஒன்று, சிட்டகாங்கிலிருந்து ஒன்று என இரண்டு படைகளை மலையேற்றி, 1872 ஜனவரியில்தான் அவளை மீட்டது பிரிட்டிஷ் அரசு.

லுஷாய்களின் கோபத்துக்குக் காரணம் தேயிலை. மலையடிவாரக் காடுகள் அவர்களுடைய தலைவர்களுக்கு யானை வேட்டை நிலம்; தந்தம் அவர்களுக்குப் பணம் தந்த சரக்கு. 1855இல் கச்சாரில் காட்டுத் தேயிலை கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அடிவாரக் காடுகள் வரிசையாகத் தோட்டங்களாயின. தோட்டம் முன்னேற முன்னேற யானை பின்வாங்கியது. கச்சாரின் துணை ஆணையராக இருந்த ஜான் வேர் எட்கருக்கு இந்தக் கணக்கு புரிந்திருந்தது. தாக்குதல் நடந்த அதே ஜனவரியில்தான் அவர் மலைக்குள் போய், சுவாக்புய்லாலா என்ற தலைவரோடு எல்லை பேசி ஒரு சன்னது எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தலைவர் ஒப்புக்கொண்டார், மற்றத் தலைவர்கள் ஒப்பவில்லை.

இன்று நாகாலாந்துக்கோ மிசோரமுக்கோ அருணாசலத்துக்கோ மணிப்பூருக்கோ போகும் தமிழர் ஒருவர் கையில் வைத்திருக்க வேண்டிய 'இன்னர் லைன் பெர்மிட்' என்ற அனுமதிச்சீட்டின் கதை இந்தத் தேயிலை நிலத்தில்தான் தொடங்குகிறது. அங்கே எல்லாரும் அதைச் சுருக்கமாக ஐ.எல்.பி. என்பார்கள். சொந்த நாட்டுக்குள் போக எதற்குச் சீட்டு என்ற கேள்வி, முதல்முறை அதைக் கேள்விப்படும் எவருக்கும் வரும். நியாயமான கேள்விதான். பதில் தெரிந்துகொள்ள நூற்றைம்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

1826இல் யாந்தபோ உடன்படிக்கையோடு பர்மியர் விலக, அசாம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ராபர்ட் புரூஸ் என்ற வணிகர் சிங்போ மக்களிடம் காட்டுத் தேயிலை இருப்பதை அறிந்திருந்தார். 1839இல் அசாம் கம்பெனி என்ற தேயிலை நிறுவனம் லண்டனில் உருவானது. 1860களில் தேயிலைப் பித்து பிடித்தது. பயிரிடப்படாத நிலமெல்லாம் 'தரிசு' என்று எழுதப்பட்டு, சலுகை விலையில் தோட்டக்காரர்களுக்குப் போனது. காட்டை வெட்டி எரித்து ஓரிரு ஆண்டு பயிரிட்டு, பல ஆண்டுகள் ஆறப்போடும் ஜூம் வேளாண்மை செய்த மலைமக்களின் நிலம் அந்தக் கணக்கேட்டில் யாருக்கும் சொந்தமில்லாத நிலமானது. இதைவிடப் பெரிய அநியாயத்தை ஒரு நிலப் பதிவேடு செய்துவிட முடியாது.

தேயிலைக்கு அடுத்தது ரப்பர். பிரேசில் ரப்பர் மரம் ஆசியாவுக்கு வருமுன், அசாம் காடுகளில் தானாக வளர்ந்த ஒருவகை ஆலமரத்தின் பாலில்தான் ரப்பர் எடுத்தார்கள். வணிகர்கள் அனுப்பிய ஆட்கள் மரங்களைக் கண்டபடி கீறிக்கொண்டே மேலே மேலே ஏறினார்கள். அடிவாரத்து மரங்கள் பட்டுப்போனதும் நாகர், அகா, நிஷி மக்களின் காடுகளுக்குள் நுழைந்தார்கள். சண்டை வந்தது. சண்டை வந்தால் படை அனுப்ப வேண்டும், படைக்குச் செலவாகும். தேயிலையில் வரும் வருமானத்தை மலைப்போர் தின்றுவிடும் என்ற கவலை கல்கத்தாவை வாட்டியது.

இதற்கு முன்னால் ஆண்ட அகோம் மன்னர்கள் மலையோடு வேறு விதமாக வாழ்ந்தார்கள். அடிவாரக் கிராமங்களிலிருந்து மலைமக்கள் ஆண்டுதோறும் பெற்றுவந்த தானியம், துணி, உப்புக்கு 'போசா' என்று பெயர். சமவெளியில் தங்களுக்கு ஒரு பங்கு உண்டு என்பதற்கான அடையாளமாகவே மலைமக்கள் அதைக் கண்டார்கள். பிரிட்டிஷார் அதைக் கிராமத்திடமிருந்து நேரே வாங்க விடாமல், அரசு கொடுக்கும் பணமாக மாற்றினார்கள். உரிமை உதவித்தொகையாகச் சுருங்கியது.

இந்தச் சூழலில் வந்ததுதான் 1873இன் வங்காளக் கிழக்கு எல்லைப்புற ஒழுங்குமுறைச் சட்டம். அன்று அசாம் தனி மாகாணம்கூட அல்ல. அடுத்த ஆண்டுதான் வங்காளத்திலிருந்து பிரிந்தது. காமரூப், தராங், நவ்காங், சிப்சாகர், லக்கிம்பூர், காரோ மலை, காசி-ஜெயந்தியா மலை, நாக மலை, கச்சார், சிட்டகாங் மலை ஆகிய மாவட்டங்களைச் சட்டம் பெயர் சொல்லிக் குறித்தது. அவற்றில் அரசு ஒரு 'உட்கோடு' கிழிக்கலாம். பிரிட்டிஷ் குடிமக்கள் எவரும், அல்லது குறிப்பிட்ட சில வகையினர், சீட்டு இல்லாமல் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. கோட்டுக்கு அப்பாலிருந்து வந்த ரப்பர், மெழுகு, தந்தம் போன்ற காட்டுப்பொருள் பிடிபட்டால் பறிமுதல். மாவட்டத்தைச் சேராதவர் கோட்டுக்கு அப்பால் அரசின் ஒப்புதலின்றி நிலம் வாங்க முடியாது.

சட்டத்தின் வாசகத்தைப் படித்தால் ஒன்று தெரிகிறது. அதில் தடுக்கப்பட்டவர்கள் மலைமக்கள் அல்லர், பிரிட்டிஷ் குடிமக்கள். தன் ஆட்களின் பேராசையைத் தன்னாலேயே கட்டுப்படுத்த முடியாத ஓர் அரசு, அவர்களுக்கு வேலி போட்டது. அதே 1873ஆம் ஆண்டில் சார்துவார் என்ற இடத்தில் அரசே ரப்பர்த் தோட்டம் வைக்கத் தொடங்கியதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மலையில் கிடைத்ததைச் சமவெளியில் வளர்த்துக்கொள்ளும் முயற்சி அது.

கோடு ஓரிடத்தில் நிற்கவும் இல்லை. 1875இல் லக்கிம்பூரிலும் கச்சாரிலும் அது அறிவிக்கப்பட்டது. சில இடங்களில் ஆறும், சில இடங்களில் பாதையும் எல்லையாயின. பிறகு நல்ல தேயிலை மண் கோட்டுக்கு அப்பால் தென்பட்டபோதெல்லாம் கோடு நகர்ந்தது. தோட்டக்காரர் கோட்டைத் தாண்டத் தேவையில்லை, கோடே அவரைத் தாண்டிக்கொண்டு போய் அப்பால் நின்றது. இந்த வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வரும் அணைக்கட்டுகளின் கதை விளங்கும்.

பாதிரிமார்களுக்கும் கோடு பெரிய தடையாக இருக்கவில்லை. எட்வின் கிளார்க் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் 1876இல், பிரிட்டிஷ் ஆட்சி எட்டாத ஆவோ நாகர் பகுதிக்கே குடிபோனார். 1894 ஜனவரி 11இல் லொரெய்ன், சாவிட்ஜ் என்ற இரு பாதிரிமார் லுஷாய் மலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்; அந்த நாள் இன்றும் மிசோரமில் மிஷனரி நாளாகக் கொண்டாடப்படுகிறது. வணிகரும் வட்டிக்காரரும் வாசலில் நிற்க, பைபிளும் எழுத்தும் உள்ளே போயின. அங்கே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட தலைமுறைதான் பின்னர் அந்தக் கோட்டைத் தன்னுடையதாகக் கேட்டது.

கேட்ட முதல் பெரிய ஆவணம் 1929 ஜனவரி 10ஆம் தேதியைத் தாங்கியது. முதல் உலகப்போரில் ஏறத்தாழ 2,000 நாகர்கள் தொழிலாளர் படையில் பிரான்சுக்குப் போயிருந்தார்கள். போர் முடிந்த 1918இல் நாகா கிளப் உருவானது. அதன் உறுப்பினர்கள் கோஹிமா வந்த சைமன் கமிஷனிடம் ஒரு மனு கொடுத்தார்கள். சீர்திருத்தச் சட்டமன்றத்தில் எங்களைச் சேர்க்காதீர்கள், நாங்கள் எண்ணிக்கையில் சிறியவர்கள், எங்கள் நிலமும் வழக்கமும் பெரும்பான்மையிடம் சிக்கினால் நிற்காது என்பது அதன் சாரம். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் நாக மலை, லுஷாய் மலை உள்ளிட்ட பகுதிகளை 'விலக்கப்பட்ட பகுதிகள்' என்று ஒதுக்கியது. தேசிய இயக்கத்தவர் பலர் இதை வன்மையாக எதிர்த்தார்கள். மனிதர்களைக் காட்சிப்பொருளாக அடைத்து வைக்கும் சூழ்ச்சி என்றார்கள். வெள்ளையரின் நோக்கத்தைப் பற்றி அவர்கள் சொன்னதில் உண்மை உண்டு. மலைமக்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பதை மட்டும் அவர்கள் காது கொடுத்துக் கேட்கவில்லை.

விடுதலைக்குப் பிறகு சட்டத்தில் பெரிய மாற்றமில்லை. 'பிரிட்டிஷ் குடிமக்கள்' இருந்த இடத்தில் 'இந்தியக் குடிமக்கள்' வந்தார்கள். அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு, நாடு முழுவதும் சென்றுவரும் உரிமையையும் எங்கும் குடியிருக்கும் உரிமையையும் தருகிறது. அதே பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு, பழங்குடிகளின் நலனைக் காக்க அந்த உரிமைகளுக்கு நியாயமான வரம்பு விதிக்கலாம் என்கிறது. ஐ.எல்.பி. நிற்கும் தரை இதுதான். வடகிழக்கு எல்லைப்புற முகமை என்று அப்போது அழைக்கப்பட்ட அருணாசலத்தில் நேருவும் மானிடவியலாளர் வெரியர் எல்வினும் கோட்டை அப்படியே வைத்துக்கொண்டார்கள். எல்வின் 1957இல் எழுதிய கொள்கை நூல், பழங்குடி நிலத்தையும் காட்டையும் மதிக்க வேண்டும், வெளியாட்களைக் கொண்டுபோய்க் குவிக்கக்கூடாது என்ற நிலையை எடுத்தது.

கோடு இல்லாத இடங்களில் என்ன நடந்தது என்பதைப் பார்த்தால் இந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல என்று தெரியும். திரிபுரா மன்னராட்சி நாடு, ஐ.எல்.பி. கிடையாது. 1941இல் அங்கே பழங்குடியினர் ஏறத்தாழ பாதிப்பேர். பிரிவினையின் குருதியிலிருந்து தப்பி லட்சக்கணக்கான வங்காளி அகதிகள் வந்தார்கள். அவர்களும் எல்லாவற்றையும் இழந்தவர்கள். அவர்களைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனாலும் 1981இல் பழங்குடியினர் 28 விழுக்காடாகிவிட்டார்கள். பள்ளத்தாக்கு நிலங்கள் கைமாறின. நாற்பது ஆண்டுகளில் ஒரு மக்களினம் தன் மண்ணில் சிறுபான்மையானது.

சிட்டகாங் மலையின் கதை இன்னும் கொடியது. 1873ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பெயர் இருந்த மலை அது. 1900இல் அதற்கென்றே தனி ஒழுங்குமுறை வந்தது. வெளியாள் நுழைவுக்குக் கட்டுப்பாடு இருந்தது. பின்னால் வந்த ஆட்சிகள் அதைப் படிப்படியாகத் தளர்த்தின. 1960களின் தொடக்கத்தில் காப்டாய் அணை அங்கு வாழ்ந்த சக்மா பழங்குடியினரின் நல்ல வயல்களை மூழ்கடித்தது. 1979 முதல் வங்கதேச அரசே சமவெளியிலிருந்து லட்சக்கணக்கானோரைக் கொண்டுவந்து குடியேற்றியது. 1947இல் அங்கே கிட்டத்தட்ட எல்லாரும் மலைமக்கள், இப்போது சரிபாதி. இடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயுதப் போர்.

அணையிலும் கலவரத்திலும் வீடிழந்த சக்மாக்கள், ஹாஜோங்குகள் பலரை 1964 முதல் இந்திய அரசு எங்கே குடியமர்த்தியது தெரியுமா? இன்றைய அருணாசலத்தில், இன்னர் லைனுக்கு உள்ளே. அங்குள்ள பழங்குடிகளைக் கேட்டுச் செய்ததல்ல அது. ஒரு மலையிலிருந்து விரட்டப்பட்ட பழங்குடி, இன்னொரு மலையில் அறுபது ஆண்டுகளாக 'வெளியாள்' என்ற பெயரோடு நிற்கிறது. அருணாசலத்தின் மாணவர் அமைப்புகள் இன்றும் அவர்களை வெளியேற்றச் சொல்கின்றன; உச்ச நீதிமன்றம் அவர்களுக்குக் குடியுரிமை வழங்கச் சொல்லியிருக்கிறது. இரண்டு தரப்பிலும் இருப்பவர்கள் எளியவர்கள். தவறு, மேசையில் உட்கார்ந்து இடம் குறித்தவர்களுடையது.

மணிப்பூரில் கதை பின்னோக்கி ஓடியது. மன்னர் காலத்தில் அங்கே வெளியாட்களுக்கு அனுமதி முறை இருந்தது. இந்தியாவோடு இணைந்த மறு ஆண்டு, 1950 நவம்பரில், தலைமை ஆணையர் ஹிம்மத் சிங் ஓர் ஆணையில் அதை நீக்கினார். அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி 2012க்குப் பின் இம்பால் தெருக்கள் கொந்தளித்தன. 2015 ஜூலையில் போலீஸ் நடவடிக்கையில் பள்ளி மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அந்த ஆகஸ்டு 31இல் சட்டமன்றம் அந்தக் கோரிக்கையை ஒட்டி மூன்று மசோதாக்களை நிறைவேற்றியது. பள்ளத்தாக்கின் மெய்தேயிகள் தங்களைக் காக்கும் சட்டம் என்று வரவேற்றதை, மலையின் குக்கி, நாகா மக்கள் தங்கள் நிலத்தைப் பறிக்கும் சட்டமாகக் கண்டார்கள். சுராசாந்த்பூரில் ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களுடைய உடல்களை அடக்கம் செய்ய ஊர் மறுத்தது. 632 நாட்களுக்குப் பிறகு, 2017 மே மாதத்தில்தான் மண்ணுக்குப் போயின.

யார் மண்ணின் மகன் என்று எழுதத் தொடங்கினால் ஓர் ஆண்டைக் குறிக்க வேண்டிவரும். அந்த ஆண்டுதான் எல்லாச் சண்டைக்கும் மையம். 2022இல் மணிப்பூர் அமைச்சரவை 1961ஐ அடிப்படை ஆண்டாக ஏற்றது.

இங்கே தமிழ் வாசகருக்கு நெருக்கமான ஊர் ஒன்று வருகிறது: மணிப்பூரின் பர்மா எல்லையில் இருக்கும் மோரே. 1962இல் ரங்கூனில் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் வணிகமும் அரசுடைமையாயின. பல தலைமுறை பர்மாவில் வாழ்ந்த தமிழர்கள் கப்பலேறிச் சென்னை வந்து முகாம்களில் தங்கினார்கள். அவர்களில் சிலருக்கு இங்கே மனம் ஒட்டவில்லை. பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று தரைவழியாக மணிப்பூர் வரை போனார்கள். எல்லையில் தடுக்கப்பட்டார்கள். திரும்பி வர மனமில்லாமல் மோரேயில் தங்கி, கடை போட்டு, தமிழ்ச் சங்கம் அமைத்து, அங்காள பரமேசுவரிக்குக் கோயில் கட்டினார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தது 1961க்குச் சில ஆண்டுகள் பிந்தி. பர்மாவில் இந்தியர், சென்னையில் பர்மாக்காரர், மணிப்பூரில் வெளியாள். அறுபது ஆண்டு அங்கே பிறந்து, வளர்ந்து, இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஓர் ஆண்டுக் கணக்கு பொருந்துமா என்பதை மணிப்பூர் அரசு ஆளைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும், அட்டவணையைப் பார்த்து அல்ல.

சீட்டு நடைமுறையில் எப்படி இயங்குகிறது? சுற்றுலாப் பயணிக்குச் சிக்கலில்லை. டெல்லி, கொல்கத்தா, குவாஹாத்தி போன்ற ஊர்களில் இருக்கும் மாநில இல்லங்களிலோ இணையத்திலோ விண்ணப்பித்து, அடையாள அட்டையும் படமும் கொடுத்தால் சில வாரங்களுக்கான சீட்டு கிடைக்கும். விமானத்தில் போனால் ஐஸால் அருகே லெங்புய் விமான நிலையத்திலும், சாலையில் போனால் மிசோரத்தின் வைரெங்தே, அருணாசலத்தின் பந்தர்தேவா போன்ற சோதனைச் சாவடிகளிலும் காட்ட வேண்டும். வேலைக்குப் போகிறவர் நிலை வேறு. உள்ளூர்க்காரர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மணிப்பூரில் ஒப்பந்தக்காரர் கூட்டிவரும் தொழிலாளருக்கென்றே தனி வகைச் சீட்டு உண்டு.

சீட்டை நம்பி வாழ்பவர் அதைக் கையில் வைத்திருப்பவரிடம் சிக்கிக்கொள்கிறார். பொறுப்பேற்ற முதலாளி கூலியைப் பிடித்துக்கொண்டாலும் அவரை விட்டு நகர முடியாது, நகர்ந்தால் சட்டவிரோதி. கடை வைக்கும் வணிகர் உள்ளூர்க்காரர் பெயரில் உரிமம் வாங்கி, அவருக்கு மாதாமாதம் பணம் கட்டி நடத்துவது பல ஊர்களில் பழக்கம். வெளியாள் வேண்டாம் என்று கூட்டத்தில் பேசுகிறவரும், வெளியாளுக்குப் பெயரை வாடகைக்கு விடுகிறவரும் ஒரே ஊர்க்காரர்கள்தான். வீடு கட்டவும், சாலை போடவும், மண் சுமக்கவும் ஆள் வேண்டியிருக்கிறது என்பதே உண்மை.

அரசு அசட்டையாக இருந்த இடத்தை மாணவர் அமைப்புகள் நிரப்பின. மிசோ ஸிர்லாய் பாவ்ல், நாகா மாணவர் கூட்டமைப்பு ஆகியவற்றின் தொண்டர்கள் தெருவில் இறங்கி, கடை கடையாகச் சீட்டுக் கேட்டுச் சோதித்திருக்கிறார்கள். அவர்களுடைய கவலை உண்மையானது. அந்த மலைகளின் எதிர்காலத்தைப் பற்றி அரசியல்வாதிகளைவிட அவர்கள்தாம் அதிகம் பேசினார்கள். என்றாலும், ஓர் இளைஞர் கூட்டம் ஒரு கூலித் தொழிலாளியை நிறுத்திக் காகிதம் கேட்கும்போது அங்கே சட்டம் இல்லை, எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது.

அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை திமாப்பூர் காட்டியது. ரயில் வரும் வணிக நகரம் என்பதால் நாகாலாந்தில் அந்த ஒரு நகரம் மட்டும் நெடுங்காலம் ஐ.எல்.பி. வரம்புக்கு வெளியே இருந்தது. 2015 மார்ச் 5ஆம் தேதி, பாலியல் வன்முறைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவரை, ஆயிரக்கணக்கானோர் மத்தியச் சிறையை உடைத்து வெளியே இழுத்து, தெருவில் அடித்துக் கொன்றார்கள். வங்கதேசத்திலிருந்து வந்த ஊடுருவல்காரர் என்று ஊரெங்கும் பேச்சு. உண்மையில் அவர் அசாமைச் சேர்ந்த இந்தியர். அவர் குடும்பத்தில் இந்திய ராணுவத்தில் பணியாற்றியவர்கள் இருந்தார்கள். அவர் குற்றவாளியா இல்லையா என்பதை முடிவுசெய்ய வேண்டியது நீதிமன்றம். அந்த வழியையே கூட்டம் அடைத்துவிட்டது.

2019 டிசம்பரில் திமாப்பூர் மாவட்டமும் ஐ.எல்.பி.க்குள் வந்தது. 1979 நவம்பர் 21க்கு முன் குடியேறியவர்களுக்கு விலக்கு. அப்பகுதி பழங்குடிப் பகுதியாக அறிவிக்கப்பட்ட நாள் அது.

அதே வாரம் நாடாளுமன்றத்தில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறியது. வடகிழக்கு கொந்தளித்தது. ஐ.எல்.பி. பகுதிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று விலக்கு அளிக்கப்பட்டது. டிசம்பர் 11இல் குடியரசுத் தலைவர் ஆணை மூலம் மணிப்பூரும் 1873ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் கேட்டும், உயிர்கள் போயும் கிடைக்காதது, டெல்லிக்குத் தேவைப்பட்டபோது ஒரே நாளில் கிடைத்தது. அதே ஆணை காமரூப், தராங், லக்கிம்பூர், சிப்சாகர் முதலான அசாம் மாவட்டங்களின் பெயர்களைப் பழைய சட்டத்திலிருந்து நீக்கியது. தங்கள் மாநிலம் ஐ.எல்.பி. கேட்கும் வாய்ப்பே போய்விட்டது என்று அசாமின் மாணவர், இளைஞர் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. கோட்டை நகர்த்தும் பழைய வழக்கம் கல்கத்தாவோடு முடிந்துவிடவில்லை.

மணிப்பூருக்கு வந்த சீட்டு அமைதியைக் கொண்டுவரவில்லை என்பது 2023 மே மாதம் தெரிந்தது. மெய்தேயிகளும் குக்கிகளும் மோதிக்கொண்ட அந்த வன்முறை இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. வெளியாளைத் தடுக்கும் வாசல், உள்ளே இருப்பவர்களுக்கிடையே நிலத்தைப் பங்கிட்டுத் தராது.

சீட்டைவிட வலுவானது நிலச்சட்டம். அரசியலமைப்பின் 371-ஏ பிரிவு, நாகாலாந்தில் நிலமும் அதன் வளமும் யாருக்கு உரியவை, எப்படிக் கைமாறும் என்பதில் மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் நாடாளுமன்றச் சட்டம் செல்லாது என்கிறது. மிசோரமுக்கு 371-ஜி அதையொத்த பாதுகாப்பைத் தருகிறது. வோக்கா மாவட்டத்தில் ஓ.என்.ஜி.சி. எடுத்துவந்த எண்ணெய், நாகர்களின் எதிர்ப்பால் 1994இல் நின்றுபோனது. அருணாசலத்தின் ஆறுகளுக்கு அத்தனை வலுவான அரண் இல்லை. அசாம் எல்லையில் 2005இல் தொடங்கிய 2,000 மெகாவாட் லோயர் சுபன்சிரி அணைக்கும், திபாங் பள்ளத்தாக்கின் 2,880 மெகாவாட் திட்டத்துக்கும் எந்தச் சோதனைச் சாவடியும் தடையாக நிற்கவில்லை. கையில் தட்டுமுட்டுச் சாமான் மூட்டையோடு வரும் கொத்தனார் வாசலில் நிற்கிறார். மலையையே மாற்றப்போகும் திட்டம் தடையில்லாமல் உள்ளே போகிறது. தேயிலைக்காக நகர்ந்த கோடு மின்சாரத்துக்காகவும் நகர்ந்துகொடுக்கிறது.

தெற்கிலும் இதையொத்த வாசல்கள் உண்டு. 1956 வரை சென்னை மாநிலத்தோடு சேர்ந்திருந்த லட்சத்தீவில் நுழைய, 1967 விதிகளின்படி அனுமதி வேண்டும். அந்தமானில் 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை ஜாரவா, சென்டினல் மக்களின் பகுதிகளுக்குள் எவரும் போகக்கூடாது என்கிறது. ஜாரவா காட்டின் நடுவே ஓடும் நெடுஞ்சாலையை மூடச் சொல்லி 2002இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டும், சுற்றுலா வண்டிகள் அந்த வழியே ஓடிக்கொண்டுதான் இருந்தன. அந்தமானில் தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். இது அவர்களுக்கும் தெரிந்த வேதனை.

தமிழ்நாட்டு மலைகளுக்கோ கோடும் இல்லை, நிலக்காப்பும் இல்லை. சென்னை மாகாணம் 1917இல் ஏஜென்சி எனப்பட்ட பழங்குடி மலைப் பகுதிகளின் நிலக் கைமாற்றத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் செய்தது. அதன் பயன் கஞ்சம், விசாகப்பட்டினம், கோதாவரி மலைகளுக்குப் போனது. சேர்வராயன் மலையில் காபித் தோட்டங்கள் பரவியபோது அங்கிருந்த மலையாளிப் பழங்குடியினருக்கு அப்படி ஒரு காப்பு இல்லை. இன்றும் தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையின்கீழ் பழங்குடிப் பகுதி ஒன்றுகூட அறிவிக்கப்படவில்லை. நாகர்களைப் பார்த்து, சொந்த நாட்டில் சீட்டு எதற்கு என்று கேட்குமுன் இதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மேகாலயத்தின் கோரிக்கை இன்னும் நிலுவையில் இருக்கிறது. 2019 டிசம்பர் 19இல் அதன் சட்டமன்றம் ஐ.எல்.பி. வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டு மத்திய அரசுக்கு அனுப்பியது. அந்த மக்களின் கோரிக்கை நியாயமானது. டெல்லி ஒப்புதல் தர வேண்டும். தரும்போது மூன்று நிபந்தனைகளை ஆணையிலேயே எழுதிவிட வேண்டும்: சீட்டைக் கேட்டுச் சோதிக்கும் அதிகாரம் அரசு ஊழியருக்கு மட்டுமே, தொழிலாளியின் சீட்டு முதலாளியின் கையில் இருக்கக்கூடாது, ஷில்லாங்கில் தலைமுறைகளாக வாழும் பழங்குடியல்லாதவர்களின் குடியிருப்புரிமை தொடக்கத்திலேயே எழுத்தில் உறுதியாக வேண்டும்.